நடு அடுப்பு உடன்படிக்கை

பர்மாக்காரர் ஊ லா கையெழுத்துப் போட்டபோது மெஸ் ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை முற்பகல். துபாயின் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப் முழுக்கத் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரம். மேசை விரிப்பில் பழைய பருப்புக் கறை. தரையில் அப்போதுதான் ஊற்றிய பினாயில் வாடை.

நான் பேனாவை நீட்டினேன். அவர் வலக்கையால் வாங்கினார். வாங்கும்போது இடக்கை விரல்கள் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தன. மரியாதைக்குரியவர்களிடம் பர்மாக்காரர்கள் எதையும் அப்படித்தான் வாங்குவார்கள். அவருக்கு ஐம்பதுக்கு மேல், எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. காகிதத்தின் அடியில் வட்டவட்டமாக நாலைந்து எழுத்து எழுதினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பக்கத்தில் நின்ற செல்வராஜ் என் தோளை அழுத்தினான். ராமநாதபுரத்துக்காரன், சைட்டில் கம்பி கட்டும் வேலை. "முடிச்சிட்டீங்கண்ணே" என்றான். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

போன வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார். உங்கள் துபாய்க் கதைகளில் கேம்ப் பாஸ் தப்புச் செய்கிறார், ஏஜென்ட் தப்புச் செய்கிறான், ரூம்காரர்கள் தப்புச் செய்கிறார்கள், நீங்கள் மட்டும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறீர்களே, எப்படி சார் என்று கேட்டிருக்கிறார். அந்தக் கடிதம் மூன்று நாளாக மேசைமேல் கிடக்கிறது. நான் ஓரமாக நிற்காத ஒரு நாளைப் பற்றி எழுதாமல் இந்தத் தொடரை முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மணி விடமாட்டார் போலிருக்கிறது.

ஒன்பது அடுப்பு

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். துபாயில் நிமிர்ந்து பார்த்த பக்கமெல்லாம் கிரேன் நின்ற காலம். நான் ஒரு கட்டடக் கம்பெனியில் டைம்கீப்பர். யார் எத்தனை மணிக்கு டூட்டிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று எழுதுவது வேலை. எம்.ஏ. வரலாறு படித்ததற்குக் கிடைத்த பலன் அது. கேம்ப்பில் ஆளாளுக்குக் கடிதம் எழுதித் தருவேன், பாரம் நிரப்பித் தருவேன். அதனால் ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

எங்கள் பிளாக்கில் தமிழர்கள் ஐம்பது பேருக்கு மேல். பர்மாக்காரர்கள் பதினாலு பேர். எல்லாருக்கும் கீழ்த்தளத்தில் ஒரே சமையலறை. நீளமான அறை, ஒரே வரிசையில் ஒன்பது காஸ் அடுப்பு. வாசல் பக்கம் ஆறும் எங்களுடையவை, ஜன்னல் பக்கம் இரண்டும் அவர்களுடையவை. யாரும் பிரித்துக் கொடுத்ததில்லை, பழக்கத்தில் அப்படி ஆகிவிட்டது. நடுவில் இருந்த ஒரு அடுப்புக்கு மட்டும் சொந்தக்காரர் இல்லை. முதலில் வந்தவன் பற்றவைப்பான்.

சண்டை அந்த நடு அடுப்பில்தான் வந்தது. டூட்டி முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கிய சாயங்காலம் ஒன்றில் பர்மாக்காரர்களில் இளையவனான கோ மின் அதில் சட்டி வைத்திருந்தான். எங்கள் ஆள் ஒருவன் அந்தச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சோற்றுப் பானையை ஏற்றினான். கோ மின் பானையை இறக்கினான். யார் கை முதலில் நீண்டது என்று தெரியவில்லை, சட்டி கவிழ்ந்து தரையெல்லாம் குழம்பு. அந்தக் குழம்பில் ஙப்பி இருந்தது.

ஙப்பி என்பது மீனையும் கூனி இறாலையும் உப்புப் போட்டு நொதிக்கவைத்து அரைத்த விழுது. பர்மாக்காரர்களுக்கு அது இல்லாவிட்டால் சோறு இறங்காது. பழக்கமில்லாதவர்களுக்கு அதன் வாடை தாங்காது. அன்றைக்கு சமையலறையில் இரு தரப்பும் கரண்டியை ஓங்கிக்கொண்டு நின்றதைக் கேம்ப் பாஸ் வந்து பார்த்தார். பட்டாணிய இனத்து மனிதர், கோபம் வந்தால் குரல் தணியும். வெள்ளிக்கிழமைக்குள் உங்களுக்குள் பேசி எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் சமையலறைக்குப் பூட்டு, எல்லாரும் மெஸ் சாப்பாட்டைத் தின்னுங்கள் என்று இந்தியில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மெஸ் சாப்பாட்டுக்குச் சுனாமியே மேல். செல்வராஜ் அன்றைக்கே என் அறைக்கு வந்தான். நடு அடுப்பு மட்டும் நமக்கு வந்தால் போதும், நீங்கள்தான் பேச வேண்டும், நீங்கள்தான் படித்தவர் என்றான். ஙப்பியைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாஃப் ஆற்றுத் தீவு

எனக்கு ஏன் அவ்வளவு உற்சாகம் வந்தது என்று சொல்ல வேண்டும். எம்.ஏ.வுக்கு நான் எழுதிய ஆய்வேடே பிரிட்டிஷாருக்கும் பர்மியருக்கும் நடந்த முதல் யுத்தத்தைப் பற்றியதுதான்.

அந்த யுத்தமும் கிட்டத்தட்ட ஒரு நடு அடுப்பில்தான் தொடங்கியது. வங்காளத்துக்கும் அரக்கானுக்கும் நடுவே நாஃப் என்று ஓர் ஆறு. அதன் முகத்துவாரத்தில் மணல்மேடு மாதிரி ஒரு சின்னத் தீவு. அது என்னுடையது என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காவல் போட்டான், என்னுடையது என்று பர்மிய அரசர் ஆள் அனுப்பினார். எல்லைத் தகராறு வேறு இடங்களிலும் புகைந்துகொண்டிருந்தது. கடைசியில் கப்பல் கப்பலாகப் படை ரங்கூனில் இறங்கியது.

இறங்கியவர்களில் ஏராளமானவர்கள் மதராஸ் சிப்பாய்கள். நம்மவர்கள்தான். மழைக்காலத்தில் இறக்கிவிட்டார்கள். குண்டு பட்டுச் செத்தவர்களைவிடக் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தவர்கள் அதிகம். ஆய்வேட்டில் அவர்களுக்காக இரண்டு பக்கம் உருகி எழுதியிருந்தேன்.

ஆனால் உண்மையில் என்னைக் கவர்ந்தது கடைசி அத்தியாயம். யாண்டபோ என்று ஐராவதி கரையில் ஒரு கிராமம். பேச்சு ஒரு பக்கம், படை நடப்பது ஒரு பக்கம் என்று வந்த வெள்ளைக்காரன் அங்கே கூடாரம் அடித்தான். தலைநகரம் ஆவா இன்னும் சில நாள் நடைதான். ஷரத்து எல்லாம் ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்தது. இதில் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் நடக்கிறோம் என்றான். அரசரின் ஆட்கள் போட்டார்கள். அஸ்ஸாம், மணிப்பூர், அரக்கான், தெனாசரிம் எல்லாம் கைமாறியது.

எனக்குக் கிடைத்த முதல் வகுப்பு அந்த அத்தியாயத்துக்குத்தான். பேரம் பேசுவது எப்படி என்று வெள்ளைக்காரனிடம் மூன்று பாடம் இருந்ததாக எழுதியிருந்தேன். தேவைக்கு மேல் கேள். யோசிக்க நேரம் கொடுக்காதே. மீறினால் என்ன என்பதை இப்போதே எழுதி வாங்கு. அநியாயம் என்றும் எழுதினேன்தான். ஆனால் வியப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின சாயங்காலம் டைம்ஷீட்டின் பின்பக்கத்தில் ஷரத்துகளை ஆங்கிலத்தில் எழுதினேன். ஒன்று, நடு அடுப்பு எங்களுக்கு. இரண்டு, சாயங்காலத்தில் நாங்கள் சமைத்து முடித்த பிறகே அவர்கள் சமைக்க வேண்டும். மூன்று, சமையலறையில் ஙப்பி சமைக்கக் கூடாது. நான்கு, மீறுகிறவர்கள் பிளாக்கை விட்டு வெளியேற வேண்டும். மூன்றாவதை விட்டுக்கொடுப்பதற்காகவே சேர்த்தேன். அதை விட்டுக்கொடுத்தால் மற்ற இரண்டுக்கும் ஒத்துக்கொள்வார்கள் என்பது கணக்கு.

அப்பாவின் கேள்வி

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைச் செல்வராஜிடம் நான் சொன்னதே இல்லை. கேம்ப்பில் யாரிடமும் சொன்னதில்லை.

தெனாசரிம் கைமாறியதும் மௌல்மேன் என்ற ஊர் வெள்ளைக்காரன் ஊரானது. அங்கே வேலைக்குக் கப்பலேறிப் போன தமிழர்களில் என் கொள்ளுத்தாத்தா ஒருவர். என் அப்பா மௌல்மேனில்தான் பிறந்தார், அங்கேதான் பள்ளிக்கூடம் போனார். அறுபதுகளில் இந்தியர்களை வெளியேற்றியபோது ஒரே ஒரு தகரப் பெட்டியோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். திருச்சிப் பக்கம் ஒரு பர்மா காலனியில் வீடு கொடுத்தார்கள். நான் பிறந்தது அங்கே.

அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் பர்மிய மொழியில்தான் பேசுவார்கள். கடைக்கணக்கு, சண்டை, கொஞ்சல் எல்லாம் அதில்தான். எனக்கும் அது காது வழியாகவே வந்துவிட்டது. பேசுவதைவிடக் கேட்பது நன்றாக வரும். நான் வெளியே போய்விட்டு எத்தனை தடவை உள்ளே வந்தாலும் அப்பா கேட்பது ஒன்றுதான்: "தமின் சா பீபீலா?" சாப்பிட்டாயா என்று அர்த்தம். பர்மாவில் தெருவில் எதிர்ப்படுகிறவரையும் அப்படித்தான் விசாரிப்பார்கள். "சா பீபீ", சாப்பிட்டேன் என்பேன். துபாயிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் போன் கார்டு போட்டுப் பேசும்போதும் அப்பாவின் முதல் கேள்வி அதுதான்.

எங்கள் வீட்டிலும் ஙப்பி உண்டு. அம்மா அதை எண்ணெயில் வதக்கும் நாளில் சட்டையில் வாடை ஏறிவிடும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் தள்ளி உட்காருவார்கள். அந்தச் சட்டைகளைப் போட மாட்டேன் என்று அழுதிருக்கிறேன். கேம்ப்புக்கு வந்தபோது திருச்சிக்காரன் என்று மட்டும் சொல்லிக்கொண்டேன். பர்மாக்காரர்களிடம் எல்லாரையும் போல உடைந்த இந்தியில் பேசினேன். அவர்கள் சட்டி கொதிக்கும்போது எல்லாருக்கும் முதலில் மூக்கைப் பொத்தியது நான்தான்.

மறுபடியும் மெஸ் ஹால்

வெள்ளிக்கிழமை முற்பகல் மேசைக்கு அந்தப் பக்கம் ஊ லாவும் கோ மின்னும். இந்தப் பக்கம் நானும் செல்வராஜும். ஊ லா தச்சர், சாரக்கட்டு வேலைக்கும் போவார். பதினாலு பேரும் அவர் சொல்லைத் தட்ட மாட்டார்கள். நான் முதல் மூன்று ஷரத்துகளையும் இந்தியில் சொன்னேன்.

 ஊ லா கோ மின் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் அவர்கள் மொழியில் பேசினார். என் முகத்துக்கு எதிரே, இரண்டு முழத் தூரத்தில். எனக்குப் புரியாது என்ற நம்பிக்கையோடு பேசினார்.

"அடுப்பைக் கொடுத்துவிடலாம். நேரத்தையும் விட்டுவிடலாம், பொறுத்துக்கொள்ளலாம். ஙப்பியை மட்டும் விடக் கூடாது. பையன்கள் அதை வைத்துத்தான் இரண்டு வாய் சாப்பிடுகிறார்கள். ஆனால் இவர் படித்தவர். திரும்பத் திரும்பக் கேட்டால் எனக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. நாளைக்குச் சொல்கிறோம் என்று எழுந்துவிடலாம்."

ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. மௌல்மேன் இழுவை, என் அப்பா பேசுகிற அதே இழுவை.

இந்த இடத்தில் நான் எது வேண்டுமானாலும் செய்திருக்க முடியும். ஙப்பி ஷரத்தை அடித்திருக்கலாம். அடுப்பு கிடைத்தாகிவிட்டது, நேரம் கிடைத்தாகிவிட்டது, வந்த வேலை முடிந்துவிட்டது. செல்வராஜ் கேட்டது அதைவிடக் குறைவு. பர்மிய மொழியிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் எழுந்து என் கையைப் பிடித்திருப்பார்.

நான் செய்தது வேறு. அவர் எழுந்திருக்கும் முன்பே, நாளைக்கு என்ற பேச்சே கிடையாது, கேம்ப் பாஸ் ஆபீஸில் காத்திருக்கிறார், இப்போதே முடிய வேண்டும் என்றேன். கேம்ப் பாஸ் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். ஊ லாவின் முகம் மாறியது. ஙப்பி மட்டும் என்று இழுத்தார். மூன்றாவது ஷரத்தைத் திரும்பச் சொன்னேன். இன்னொரு தடவையும் சொன்னேன். எங்கள் பையன்களுக்கு மூச்சு முட்டுகிறது பாய் என்று நெஞ்சைத் தடவிக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார், வாயைத் திறக்கவில்லை. அது சம்மதம் இல்லை என்று அந்த அறையில் தெரிந்த ஒரே அந்நியன் நான்தான். பர்மாக்காரர்களுக்கு எதிராளியைச் சங்கடப்படுத்துவதைவிடத் தான் சங்கடப்படுவது சுலபம். என் அப்பா அப்படித்தான் வாழ்நாளெல்லாம் பாக்கி கேட்காமல் மளிகைக் கடையை மூடினார்.

நாலாவது ஷரத்தைச் சரியாக விளக்கவில்லை. மீறினால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று இந்தியில் வேகமாகச் சொல்லிவிட்டுப் பேனாவை நீட்டினேன். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

ஏன் செய்தேன்? இத்தனை வருஷத்தில் இதற்குப் பல பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். அப்பாவை விரட்டிய நாட்டுக்காரர்கள் மேல் பழி என்று கொஞ்ச நாள் நம்பினேன். அது பொய். அப்பாவுக்கே அந்தக் கோபம் கிடையாது. எதிராளியின் சீட்டு தெரிந்துவிட்டதால் ஆடினேன், அவ்வளவுதான். கூடவே, அந்த வாடை சமையலறையில் இருக்கிறவரைக்கும் என்றைக்காவது ஒருநாள் நான் யாரென்று தெரிந்துவிடும் என்ற பயமும் இருந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

அவர்கள் ஷரத்தைக் காப்பாற்றினார்கள். நடு அடுப்புப் பக்கம் வரவில்லை. எங்கள் பானைகள் இறங்கும்வரை வாசலில் பாத்திரத்தோடு காத்து நின்றார்கள். ஙப்பி சமையலறைக்குள் வரவே இல்லை.

ஆகஸ்டில் ஒருநாள் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால் ஒரு சின்ன காஸ் அடுப்பை வைத்து அதை வதக்கிக்கொண்டிருந்தபோது செக்யூரிட்டி பிடித்துவிட்டான். சாயங்காலம்கூடச் சுவரில் கை வைக்க முடியாத வெயில் காலம். அந்தச் சூட்டில் இரண்டு பேர் குந்தியிருந்து வதக்கிக்கொண்டிருந்தார்களாம்.

கேம்ப் பாஸ் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். ஃபைலில் இருந்து என் காகிதத்தை எடுத்துப் போட்டு, நாலாவதைப் படி என்றார். படித்தேன். இதை எழுதியது நீதானே என்றார். ஆமாம் என்றேன்.

நான் எழுதியிருந்தது சமையலறையில் சமைக்கக் கூடாது என்று. அவர்கள் சமைத்தது வெளியே. தீ மூட்டியதற்கு எச்சரிக்கை கொடுக்கலாம், ஆனால் அந்தக் காகிதத்தை வைத்து அவர்களை அனுப்ப முடியாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அதை எழுதியவன். சொன்னால், நீ ஏன் அவங்க பக்கம் பேசறே என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து நான் ஏசி ஓட்டையில் சொட்டிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊ லாவின் கையெழுத்து எல்லாருக்கும் சேர்த்துத்தான் என்று பதினாலு பேரையும் அஜ்மானில் இருந்த கம்பெனியின் பழைய கேம்ப்புக்கு மாற்றினார்கள். தகரக் கூரை அறைகள். அங்கிருந்து சைட்டுக்கு வர ஒன்றரை மணி நேரம் முன்னால் எழுந்திருக்க வேண்டும். அவர்கள் வருகிற நேரத்தை ஷீட்டில் எழுதுகிறவன் நான் என்பதால் அது எனக்கு நன்றாகத் தெரியும்.

பஸ்

அவர்கள் போனதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். வாசலில் பஸ் நின்றது. கயிற்றால் கட்டிய பைகள், துணியில் சுற்றிய சட்டிகள். ஒருவன் தகரப் பெட்டி ஒன்றைத் தோளில் ஏற்றினான். எங்கள் வீட்டுப் பரணில் கிடப்பதைப் போலவே பச்சை பெயின்ட் அடித்தது. நான் கையில் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு டிக் அடித்துக்கொண்டிருந்தேன். பதினாலு டிக்.

எங்கள் பையன்களும் வந்து நின்றார்கள். செல்வராஜுக்கு முகம் சரியில்லை. அடுப்புக்குத்தானேண்ணே சண்டை, ஊரை விட்டு அனுப்பற அளவுக்கா என்று என்னிடம் முணுமுணுத்தான். நான் பட்டியலைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

ஊ லா கடைசியாக வந்தார். ஒவ்வொருவரிடமும் தலையசைத்து விடைபெற்றார். என் முன்னால் வந்து நின்றதும் அவர் வாயிலிருந்து வந்தது ஒரு கேள்வி.

"தமின் சா பீபீலா?"

"சா பீபீ" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே எட்டியது. சின்ன வயசிலிருந்து வந்த பழக்கம், நாக்கு என்னைக் கேட்கவில்லை. அவர் வேண்டுமென்றே கேட்டாரா, கிளம்புகிற கலக்கத்தில் தன் மொழி வந்துவிட்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் என்னைப் பார்த்தார். அவர் கண் மெஸ் ஹால் பக்கம் ஒரு தடவை போய்த் திரும்பி வந்தது. மேசையில் தான் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் அவர் அப்போது எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். காறித் துப்புவார் என்று நினைத்தேன். கோ மின்னைக் கூப்பிட்டுச் சொல்லுவார் என்று நினைத்தேன். செல்வராஜ் பக்கத்திலேயே நின்றான், அவனிடம் இந்தியில் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் என் மரியாதை அன்றோடு போயிருக்கும்.

அவர் சிரித்தார். கையெழுத்துப் போட்டபோது சிரித்த அதே சிரிப்பு. பிறகு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். முகத்துக்கு நேரே என்னைச் சங்கடப்படுத்த அப்போதும் அவருக்கு வரவில்லை.

"என்னண்ணே சொன்னாரு?" என்று செல்வராஜ் கேட்டான். தெரியலைடா என்றேன்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல ஊருக்கு போன் போட்டேன். அப்பாதான் எடுத்தார். "தமின் சா பீபீலா?" என்றார்.

"சாப்பிட்டேன்ப்பா" என்று தமிழில் சொன்னேன்.

லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு அப்பா அந்தக் கேள்வியையே இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார்.